உப்பு நீரில் விதை நெல் தெரிதல்

விதை நெல்லைத் தண்ணீரிற் கொட்டி, மிதக்கும் பதரை அரித்து நீக்கியபின் அடியில் தங்கியதெல்லாம் நல்ல விதையென்று கொள்வது விவசாயிகள் பலருக்கும் வழக்கம். இது தவறன்று, ஆயினும் போதாது. பதர் கழியும், பாதி மணி பிடித்த கருக்காயோ நல்ல நெல்லோடு கலந்து அடியிலேயே நின்றுவிடும். அது முளைக்கவுங் கூடும். ஆனால் உள்ளிருக்கும் மாவு குறைவாதலின் நாற்று மெலிந்தே எழும்.

நீரிலிட்ட எப்பொருளும், அமிழும்போது, தன் பருமனளவு நீரை விலக்குகிறது. விலகிய நீரின் எடை எவ்வளவோ அவ்வளவு விசையுடன் நீர் அதனை மேலே தாங்குகிறது. பொருள் அந்நீரினும் கனமாயின் அமிழும், இலேசாயின் மிதக்கும். பெரிய மரக்கட்டை மிதப்பதும் சிறு கூழாங்கல் அமிழ்வதும் இதனாலேயே. உமிக்குள் காற்று மிகுந்த பதர் நீரினும் இலேசு. கருக்காய் நீரினுஞ் சற்றே கனம். ஆதலின் அது நன்னீரில் பிரிவதில்லை. நெல்லின் கனத்தை மாற்ற இயலாது. நீரின் கனத்தை மாற்றலாம். நன்னீர் 1 லிட்டர் 1 கிலோ எடையுள்ளது. 10 லிட்டர் நீரில் 1.5 கிலோ உப்பைக் கரைத்தால், அக்கரைசல் லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ 90 கிராம் நிற்கும். அதிற் கருக்காய் மேலெழும். முற்றிய நெல் அடியில் தங்கும். 1882-ஆம் ஆண்டில் ஜப்பானியராகிய யோகோய் டோகியோஷி என்பார் புகுவோகாவில் வகுத்த முறை இது.

உப்பை நிறுத்துப் போடுவதினும் முட்டையை நம்புவதே மேல். வாங்கும் உப்பில் ஈரமும் மண்ணும் எவ்வளவென்று யாரறிவார்? புதிய கோழிமுட்டை நன்னீரில் அமிழும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துவர, ஒரு காசளவு ஓடு வெளியே தெரியும்படி அது மிதக்கும், அதுவே பதம். பழைய முட்டை உதவாது. நாட்பட அதனுள் ஈரம் வற்றிக் காற்றறை பெரிதாவதால், உப்பில்லா நீரிலும் மிதந்து ஏமாற்றிவிடும்.

நெல்லை இட்டவுடன் கையால் நன்கு கிளறவேண்டும். உமியிற் காற்றுக் குமிழி ஒட்டினால் நல்ல விதையும் மிதக்கும். மிதந்தவற்றை அரித்தபின், அமிழ்ந்த விதையைத் தாமதமின்றி எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுதல் அவசியம். உப்புத் தங்கினால் முளைப்புக் கெடும். இம்முறையைப் பழிப்போர் பலர் அலசாது விட்டவரே. ஒரே கரைசலைப் பலமுறை பயன்படுத்தலாமாதலின், கிராம அதிகாரிகள் பொதுவில் ஒரு தொட்டி அமைத்துக் கொடுத்தால் செலவு மிகக் குறையும். ஒவ்வொரு முறையும் முட்டையிட்டுப் பதம் பார்த்துக்கொள்வது நன்று.

கம்பு விதையில் கலந்திருக்கும் தேனொழுகல் நோயின் கரிய பூசண முடிச்சுகளும் இவ்வாறே மிதந்து பிரியும். அதற்கு 10 லிட்டர் நீருக்கு 1 கிலோ உப்புப் போதும்.