கொடிக்குக் கூலி கேட்டவர்

அமெரிக்கக் கொடியை உருவாக்கியது யார்? மாணவர்களிடம் கேட்டால் கைப்பேசியைத் தட்டிவிட்டு ‘பெட்சி ராஸ்’ என்பார்கள். முதல் கொடியை அந்த அம்மா தைத்த கதையை 1870-இல்தான் அவருடைய பேரன் வெளியே சொன்னார். அதை உறுதிப்படுத்தும் அக்காலத்து ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் கொடிக்காகக் கூலி கேட்டுக் கடிதமே எழுதிய ஒருவர் இருக்கிறார். அவர்தான் பிரான்சிஸ் ஹாப்கின்சன். வாதக்கட்டுரை சொல்லிக்கொடுக்கும்போது சான்று என்றால் என்ன என்று விளக்க இவர் வாழ்க்கை ரொம்பவே உதவும்.

ஹாப்கின்சன் 1737-இல் பிலடெல்பியாவில் பிறந்தார். சட்டம் படித்தார். கூடவே ஹார்ப்சிகார்ட் என்னும் இசைக்கருவியையும் வாசிப்பார். பியானோவுக்கு முந்திய கருவி அது. 1759-இல் ஓர் ஆங்கிலக் கவிதைக்கு மெட்டமைத்தார். அமெரிக்காவில் பிறந்த ஒருவர் இயற்றியவற்றுள், இன்று கிடைக்கும் மிகப் பழைய சமயம் சாராத பாடல் இதுவே என்பது இசை வரலாற்றாளர்கள் பலருடைய கருத்து.

1776-இல் நியூ ஜெர்சியின் பிரதிநிதியாகச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். ஆள் ரொம்பக் குள்ளம். அவருடைய தலை பெரிய ஆப்பிள் பழ அளவுதான் இருக்கும் என்று ஜான் ஆடம்ஸ் தம் மனைவிக்கு எழுதினார்.

இனி கொடிக்கு வருவோம். 13 கோடுகள், 13 நட்சத்திரங்கள் என்று 1777 ஜூன் 14-இல் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. வரைந்தவர் பெயர் அதில் இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1780 மே மாதம், ஹாப்கின்சன் கடற்படை வாரியத்துக்கு எழுதினார். கொடி, முத்திரைகள், பணத்தாள் அலங்காரங்கள் எல்லாம் தாம் வரைந்தவை என்றும், கூலியாக அரசாங்கக் கிடங்கிலிருந்து ஒரு சின்னப் பீப்பாய் மது போதும் என்றும் கேட்டார். (வகுப்பில் இந்த இடத்தில் சிரிப்பு வரும். வரட்டும்.) விவரமான பில் கேட்டார்கள். அவரும் தொகை போட்டு அனுப்பினார். கடைசியில் மறுத்துவிட்டார்கள்.

மறுத்த காரணத்தை மாணவர்களை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். இந்த வேலையில் அவர் மட்டும் ஈடுபடவில்லை, வேறு சிலரிடமும் ஆலோசனை கேட்கப்பட்டது. மேலும் அவர் ஏற்கனவே அரசுச் சம்பளம் வாங்குகிறவர். ‘நீங்க வரையவே இல்லை’ என்று அதிகாரிகள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவருக்குப் பங்கு உண்டு என்பதற்கு இது வலுவான சான்று என்பது என் எண்ணம். முழு உரிமையும் அவருக்கே என்று நிரூபிக்க இது போதாது.

அதே 1780-இல் அவர்மேல் இன்னொரு சோதனையும் வந்தது. பென்சில்வேனியாவின் கடல்சார் வழக்கு நீதிபதியாக இருந்தவர் அன்பளிப்பு வாங்கினார் என்று குற்றம் சாட்டி விசாரித்தார்கள். குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. 1788-இல் தம் பாடல் தொகுப்பு ஒன்றை ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் காணிக்கையாக்கினார். எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது என்று வாஷிங்டன் வேடிக்கையாகப் பதில் எழுதினார். அவரே மறு ஆண்டு ஹாப்கின்சனைக் கூட்டரசு நீதிபதியாக நியமித்தார். 1791-இல், 53 வயதில், ஹாப்கின்சன் திடீரென இறந்தார்.

இதை வகுப்பில் நடத்தி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், “டீச்சர், கடைசி வரைக்கும் அந்தப் பீப்பாய் கெடைக்கலையா?” என்று கேட்டான்.

கிடைக்கவில்லை.