இருபதில் இரண்டு போதுமா?

ஒரு கம்பியில்லாக் கருவி அனுப்பும் செய்தி தொலைவில் உள்ள இன்னொன்றுக்கு நேரடியாக எட்டவில்லை. நடுவே இருபது ரிலேக்கள், அதாவது அஞ்சல் கருவிகள், இருக்கின்றன. இருபதையும் இயக்கினால்தான் முழு வேகம் கிடைக்கும். ஆனால் அத்தனை பேட்டரியும் தீரும். எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் ஒத்திசைப்பது அதைவிடப் பெரிய தலைவலி.

சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் எவ்வளவு இழப்போம்? நசரோக்லு, ஓஸ்குர், ஃப்ராகூலி என்ற 3 ஆய்வாளர்கள் 2011இல் இதற்கு விடை சொன்னார்கள். சரியாகத் தேர்ந்தெடுத்த ஒரே ரிலே, மொத்தத் திறனில் ஏறத்தாழப் பாதியைத் தரும். இரண்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு. மூன்று என்றால் முக்கால் பங்கு. எல்லாம் சேர்ந்து நொடிக்கு 120 மெகாபிட் அனுப்பும் என்றால், ஒன்று 60, இரண்டு 80, மூன்று 90. சிறு கழிவு போக, குறைந்தபட்சம் இவ்வளவு உறுதி. வியப்பு என்னவென்றால், நடுவே இருப்பவை இருபதானாலும் இருநூறானாலும் இந்தப் பங்கு மாறாது!

தேர்வில்தான் சூட்சுமம். அனுப்புபவருக்கு மிக அருகில் இருக்கும் ரிலே தெளிவாகக் கேட்கும். ஆனால் அதன் குரல் மறுமுனையை எட்டாமல் போகலாம். ஒரே ஒரு ரிலேதான் என்றால், கேட்பது, சொல்வது ஆகிய இரண்டில் எது பலவீனமோ அதுவே அதன் மதிப்பு. இரண்டு ரிலேக்கள் என்றால் தனித்தனி மதிப்பெண் போதாது. ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.