பழைய தோட்ட உழவு இயந்திரங்கள்

உழவு இயந்திரம் என்றதும் ஆளுயரப் பின்சில்லுகளுடன் வயலிற் சேறு கிளப்பிச் செல்லும் பெரிய இயந்திரமே பலர் நினைவுக்கு வரும். அதற்கு அடுத்தபடியாக இலங்கைத் தமிழர்க்கு நன்கு பழக்கமானது லாண்ட்மாஸ்டர். லாண்ட்மாஸ்டர் என்பது உண்மையில் இங்கிலாந்துக் கம்பனியொன்றின் பெயர். அக்கம்பனியின் இயந்திரங்கள் அருகிப் போன பின்னரும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. யப்பானிற் செய்ததாயினும் சீனாவிற் செய்ததாயினும் இரு சில்லு இயந்திரமெல்லாம் ஊரில் அப்பெயராலேயே வழங்குகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதொரு வகையும் உண்டு. நான்கு சில்லுகள் உடையது. ஆள் ஏறியிருந்து ஓட்டத்தக்கது. ஆயினும் சிறிய மோட்டார்க் காரின் பாதியளவும் இராதது. அமெரிக்காவிற் பெருவாரியாக வழங்கிய இவ்வகையே தோட்ட உழவு இயந்திரம் எனப்படுவது. அரை நூற்றாண்டுக்கு முன் செய்யப்பட்ட இத்தகைய இயந்திரங்களைத் தேடியெடுத்துத் திருத்தி மீண்டும் ஓடவைப்பதை அந்நாட்டிற் பல்லாயிரவர் ஓய்வுநேரக் கலையாகக் கொண்டுள்ளனர்.

இதன் முன்னோடி ஒரு புகைப்படக்காரரின் கைவேலை என்பது வியப்புக்குரியது. மேற்கு வேர்ஜீனியா மாநிலத்திற் புகைப்படத் தொழில் நடத்திய பெஞ்சமின் பிராங்கிளின் கிரேவ்லி என்பவர், கையால் தள்ளும் கலப்பையொன்றையும் பழைய மோட்டார் சைக்கிளொன்றின் பாகங்களையும் இணைத்து, தாமே ஓடும் கலப்பையை ஆக்கினார். அதற்கு 1916 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். அஃது ஆள் பின்னே நடந்து செலுத்தும் இயந்திரம்; லாண்ட்மாஸ்டருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் எனலாம். ஏறியிருந்து ஓட்டும் இயந்திரத்துக்குப் பெருந்தேவை ஏற்பட்டது இரண்டாம் உலகப் போரின் பின்னரே. போரிலிருந்து மீண்ட இளைஞருக்காக நகரங்களின் புறத்தே வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. நியூயோர்க்கின் அருகே 1947 ஆம் ஆண்டில் தொடங்கிய லெவிற்றவுன் குடியிருப்பு இவற்றுள் பெயர்பெற்றது. குடியிருப்புகள் மேலும் அகலப் பரவி, ஓரிரண்டு ஏக்கர் நிலமுள்ள வீடுகளும் பெருகின. அந்நிலத்துக்குக் குதிரை மிகை, கைப்புல்வெட்டி போதாது. புல் வெட்டவும், காய்கறிப் பாத்தி உழவும், மாரியில் வாயிலை மூடும் பனியைத் தள்ளவும் ஒரே இயந்திரம் வேண்டியிருந்தது. அதனால் இந்தியானா மாநிலத்தில் எல்மர் பொண்ட் என்பவர் 1946 இல் தொடங்கிய சிறு முயற்சி பின்னர் வீல் ஹோர்ஸ் என்னும் பெயரிற் பெருகியது. பெரிய கம்பனியாகிய இன்ரர்நஷனல் ஹார்வெஸ்டர் 1961 ஆம் ஆண்டு வகையாகக் கப் கடெற் என்னும் இயந்திரத்தை இறக்கியது. ஜோன் டியர் கம்பனி 1963 இல் 110 என்னும் எண்ணுடையதை வெளியிட்டது.

முதலாவது கப் கடெற் 7 குதிரைவலுவுடையது. அதன் பற்சக்கரப் பெட்டி, அக்கம்பனியின் சிறிய பண்ணை உழவு இயந்திரமாகிய பாமோல் கப்பின் பெட்டியை ஒட்டி அமைந்தது. விளையாட்டுப் பொருள்போலத் தோன்றும் உடலினுள் பண்ணை இயந்திரத்தின் எலும்பு இருந்தது என்பது இதன் பொருள். வார்ப்பிரும்பு எஞ்சினும் கனத்த சட்டமும் கொண்ட இவ்வியந்திரங்கள் ஐம்பது அறுபது ஆண்டு வெயிலிலும் பனியிலும் கிடந்தும் அழியாமைக்குக் காரணம் இதுவே. எஞ்சினைச் செய்தது கோலர் கம்பனி. குளியல் தொட்டிக்கும் முகங்கழுவும் தொட்டிக்கும் பெயர்போன அதே கோலர்தான். கப் கடெற், வீல் ஹோர்ஸ், ஜோன் டியர் எனப் போட்டியிட்ட கம்பனிகள் பலவும் இந்த ஒரே வரிசை எஞ்சின்களை வாங்கிப் பொருத்தின. ஆதலால் ஒன்றைத் திருத்தக் கற்றவன் மற்றவற்றையும் திருத்துவான். ஒன்றின் உதிரிப் பாகம் மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும். இக்கலை இவ்வளவு பரவியதற்கு இஃதொரு முக்கிய காரணமாகும்.

இனி, களஞ்சியத்தின் மூலையிற் கிடந்த இயந்திரமொன்று ஒருவன் கைக்கு வந்துவிட்டது எனக் கொள்வோம். புதிதாய் இத்துறைக்கு வருபவன் முதலிற் செய்ய விரும்புவது சாவியைத் திருப்பிப் பார்ப்பது. தேர்ந்தவனோ அதனை இறுதிக்கே ஒதுக்குவான். முதலில் எஞ்சின்மேல் மூடிய தகட்டைக் கழற்றுவான். அதனடியிற் பெரும்பாலும் எலிக்கூடு இருக்கும். இந்த எஞ்சின் நீராற் குளிர்வதன்று. பாரச்சில்லின் விசிறி இழுக்கும் காற்று உருளையைச் சுற்றியுள்ள இரும்பிதழ்களிடையே ஓடுவதாற் குளிர்வது. இதழ்களிடையே வைக்கோலும் பஞ்சும் அடைந்திருக்க எஞ்சினை ஓட்டினால், அறுபதாண்டு தாங்கியது அரைமணியிற் கெடும்.

அடுத்து, எஞ்சின் கையாற் சுழல்கின்றதா என்று பார்க்க வேண்டும். சுழலாவிடின் பிஸ்டன் உருளையோடு துருவாற் பிணைந்துவிட்டது என்று அறியலாம். பொறுமையற்றவன் சுத்தியலை எடுப்பது இங்கேதான். பாரச்சில்லின் விசிறியிதழ்கள் உடைவதும் இங்கேதான். தக்க வழி யாதெனின், பிளக்கைக் கழற்றி, துருவினுள் ஊடுருவும் எண்ணெயை உருளையினுள் ஊற்றிச் சில நாட்கள் விட்டுவிடுதல். பின்னர் பாரச்சில்லை இருபுறமும் மெல்ல அசைத்துப் பார்த்தல். அசையாவிடின் மீண்டும் எண்ணெய், மீண்டும் சில நாட்கள். வாரக்கணக்கிற் காத்திருந்து, ஒருநாள் மயிரிழையளவு அசைவு கண்டவனுடைய மகிழ்ச்சியை மற்றையோர் அறியார்.

சுழலும் எஞ்சின் ஓடுவதற்கு மூன்று வேண்டும்: அமுக்கம், தீப்பொறி, எரிபொருள். எஞ்சின் ஓடாதபோது புதிய பாகங்களாக வாங்கி மாற்றிக்கொண்டே செல்பவர் உளர். பணமும் செலவாகும், பிழையும் எஞ்சிநிற்கும். எது குற்றமுடையது என்பது முன்னிலும் மறைந்துபோகும். இம்மூன்றில் எது இல்லை என்று முதலில் துணிந்து, அதன்பின்னரே கைவைப்பதுதான் இக்கலையின் உயிர்நிலை. பாரச்சில்லைக் கையாற் சுழற்றும்போது ஓரிடத்தில் எதிர்த்துத் தள்ளுமாயின் அமுக்கம் உண்டு. பிளக்கைக் கழற்றி எஞ்சின் இரும்போடு சேர்த்துப் பிடித்துச் சுழற்றினால் நீலப் பொறி தெரியவேண்டும். தெரியாவிடிற் குற்றம் பெரும்பாலும் தொடுமுனைகளில் இருக்கும். இவை ஒரு சிறு தண்டினால் திறந்து மூடும் இரு உலோகப் பொட்டுகள். திறக்கும் கணத்திலே பொறி பிறக்கும். நெடுங்காலம் கிடந்தால் இவற்றின்மேல் மின்னைத் தடுக்கும் மெல்லிய படலம் படர்கின்றது. அதைத் துடைத்து, முழுதும் திறந்த நிலையில் இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்காக வைத்தால், செத்ததென்று கைவிடப்பட்ட எஞ்சின் உயிர்பெறுவதுண்டு. செலவு ஒரு துண்டுக் கடதாசி.

எரிபொருளைச் சோதிப்பது இன்னும் எளிது. காபுரேற்றரின் வாயிற் சில துளி பெற்றோல் விட்டுச் சுழற்றினால் எஞ்சின் ஒரு கணம் ஓடி நிற்குமாயின், பொறியும் அமுக்கமும் உண்டு, பெற்றோல் வரும் வழியே அடைபட்டுள்ளது என்பது தெளிவு. இவ்வித்தையை யாழ்ப்பாணத்தவர்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 களின் முற்பகுதியிற் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் அவர்கள். அமெரிக்கர்க்குப் பொழுதுபோக்காய் அமைந்த அறிவு அங்கே பிழைப்புக்கு வேண்டியதாயிருந்தது; எஞ்சினோ இரண்டுக்கும் ஒன்றுபோலவே விடையளித்தது.

கப் கடெற் போன்றவற்றில் மின்னமைப்பு ஒரு விநோதமானது. எஞ்சினை எழுப்பும் மோட்டாரும் பற்றரிக்கு மின்னூட்டும் டைனமோவும் ஒரே கருவி. சாவியைத் திருப்பியதும் அது பற்றரியின் மின்னை உண்டு பட்டியின் வழியே எஞ்சினைச் சுழற்றும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே பட்டியின் வழியே தான் சுழற்றப்பெற்று, உண்ட மின்னைத் திருப்பித் தரும். இது சோம்பிச் சுழன்றால் எல்லோரும் பழிப்பது பற்றரியை. உண்மையில் பட்டி தளர்ந்து வழுக்குவதோ, எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையே துரு நுழைந்து மின் திரும்பும் வழியைத் தடுப்பதோ காரணமாயிருத்தல் கூடும். புதிய பற்றரி வாங்கி ஏமாந்தோர் பலர்.

துருவை நீக்குவதற்கு இக்கலைஞர் கையாளும் முறைகளுள் மின்முறை அழகானது. பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பிச் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தை மின்னூட்டியின் எதிர்முனையிலும் பயனற்ற இரும்புத் துண்டொன்றை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு அமிழ்த்திவிட்டால், ஓரிரவிலே துரு இளகிப் போகும், நல்லிரும்பு தேயாது. முனைகள் மாறினாலோ பாகமே கரையத் தொடங்கும். தொட்டியிலிருந்து ஐதரசன் வாயு எழுவதால் இதனை மூடிய அறையிற் செய்தல் ஆகாது. கறைபடா எஃகை நேர்முனையில் இடுதலும் ஆகாது. அதிலுள்ள குரோமியம் நஞ்சாகி நீரிற் கலக்கும். ஆபத்து இத்துடன் முடியவில்லை. பழைய கிளச்சிலும் தடையிலும் கல்நார் இருக்கலாமாதலின் அத்தூசியைக் காற்றால் ஊதலாகாது. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாமாதலின் உலரத் தேய்த்தலும் தகாது. ஓட்டுபவன் இருக்கையை விட்டு எழுந்தால் எஞ்சினைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு ஆளிகள் இவ்வியந்திரங்களிற் பலவற்றில் இல்லை. அவற்றைப் புதிதாய்ச் சேர்ப்பது பழமைக்கு இழுக்கு என்று வாதிடுவோர் உளர். புல் வெட்டும் அலகு சுழன்றுகொண்டிருக்கையில் அவ்வாதம் எடுபடாது.

உண்மையான கருத்து வேறுபாடு எழுவது வண்ணத்தைப் பற்றியே. எஞ்சின் ஓடத் தொடங்கியதும், பழைய பூச்சை அடியோடு அகற்றிப் பளபளக்கப் புதுவண்ணம் பூசுவது ஒரு சாராரின் வழக்கம். மற்றொரு சாரார் வெளிறியும் உரிந்தும் எஞ்சிய பூச்சை அப்படியே விட்டு, மேலும் துரு ஏறாதபடி எண்ணெய் மட்டும் தடவுவர். இது வெறும் அழகைப் பற்றிய சச்சரவன்று. ஜோன் டியர் கம்பனி 1969 முதல் 1971 வரை, வழக்கமான பச்சையை விடுத்து, வெள்ளை உடலோடு இருக்கையும் எஞ்சின் மூடியும் சிவப்பு, செம்மஞ்சள், நீலம், மஞ்சள் என்னும் நான்கு நிறங்களுள் ஒன்றைக் கொண்ட இயந்திரங்களைச் செய்தது. வீட்டு மனையாட்டியர் விரும்பும் நிறத்தைத் தெரிந்தெடுக்கலாம் என்பது கம்பனியின் எண்ணம். வாங்குவோர்க்கு அது பிடிக்கவில்லை. ஜோன் டியர் என்றால் பச்சைதான் என்று பழகிய கண்கள் நீல மூடியை ஏற்கவில்லை. அவற்றுட் சில பின்னர் பச்சை பூசப்பெற்றன. இன்று அவை அரியவை, தேடுவோர் மிகுதி. பச்சைப் பூச்சின் கீழே, ஒரு திருகாணியின் தலையடியிலோ மூடியின் உட்புற மடிப்பிலோ, நகக்கண்ணளவு சிவப்பு எஞ்சியிருந்தால் அதுவே சான்று. மணல் வீசிப் பூச்சனைத்தையும் அகற்றியவன் அச்சான்றையும் உடன் அகற்றிவிடுகின்றான். பிறகு எவ்வளவு நேர்த்தியாய்ப் பூசினும் அஃது ஊகமே. ஆதலின் பூச்சைத் தொடுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, மறைவான இடங்களிற் படலம் படலமாகச் சுரண்டிப் பார்ப்போரே இத்துறையில் மதிக்கத்தக்கவர்.

இதனினும் கடினமான முடிவு ஒன்றுண்டு. ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றை உடைத்தல். எஞ்சினில்லாத நல்ல உடலும் உடலழிந்த நல்ல எஞ்சினும் ஒருவனிடம் இருந்தால் வழி எளிது. இரண்டும் முழுமையாய், இரண்டும் அரைகுறையாய் இருந்தால் எதனைப் பலியிடுவது? முதலாவது கப் கடெற்றில் ஏறத்தாழ 65,000 செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்றை உடைப்பதால் வரலாறு குன்றாது எனலாம். ஆயின் சில நூறே செய்த சிறு கம்பனிகளின் இயந்திரங்களும் பழைய இரும்பு விலைக்குப் போகின்றன. அவற்றின் பாகங்கள் வேறெதற்கும் பொருந்தாவாதலின் அவற்றைக் காப்பவர் குறைவு. பெயர்பெற்றது பிழைப்பதும் பெயரற்றது உருகுவதும் இக்கலையின் குறை என்றே சொல்ல வேண்டும். இலாபக் கணக்கு இங்கே உதவாது. திருத்த ஆகும் செலவு, திருத்திய பின் விற்கும் விலையைப் பெரும்பாலும் மிஞ்சிவிடும்.

திருத்தியவற்றைக் கண்காட்சி வரிசையில் நிறுத்துவாரும் உண்டு. அவற்றுக்குரிய சிறு கலப்பையைப் பூட்டி, ஒரு நண்பனின் நிலத்திற் கூடி உழுவாரும் உண்டு. உழவில்தான் இயந்திரத்தின் உண்மைநிலை தெரியும். தளர்ந்த கிளச் வழுக்கும். சரியாய் வைக்கப்படாத தொடுமுனை, பாரம் ஏறியதும் இருமிக் காட்டிக்கொடுக்கும். பளபளக்கும் பூச்சுக்கு மண் எவ்வித மதிப்பும் அளிப்பதில்லை. பருவம் முடிந்ததும் பெற்றோல் தாங்கியை வடித்து, குழாயை மூடி, காபுரேற்றரில் எஞ்சியது எரிந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுவர். இக்காலத்து அமெரிக்கப் பெற்றோலிற் கலக்கும் மதுசாரம் ஈரத்தை ஈர்த்து உலோகத்தை அரிப்பதால் இஃது இன்றியமையாதது. அதன்பின் காற்று புகும் வாய்களைக் கம்பிவலையால் அடைத்துவிடுவர், மாரியில் எலி மீண்டும் குடியேறாதிருக்க.