நெட் இல்லாத லினக்ஸில் மென்பொருள் ஏற்றுவது எப்படி?

லினக்ஸ்ல ஒரு வரி கட்டளை போதும், வேண்டியது எல்லாம் தானா வந்துடும்னு சொல்வாங்க. உண்மைதான். 1999ல் டெபியன் 2.1 உடன் வந்த 'ஆப்ட்' என்ற நிரல்தான் இந்த வேலையைச் செய்கிறது. உபுண்டு, நம் நாட்டு பாஸ் லினக்ஸ் ஆகியவற்றிலும் இதுவே. ஆனால் கணினியில் நெட் இருக்கணுமே!

வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கோப்பை மட்டும் பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவினால், "அது இல்லை, இது இல்லை" என்று பிழை வரும். நட்சத்திரத் தகவல்கள் ஒரு தனிப் பொதி. திரையில் சன்னலும் பொத்தானும் வரைகிற 'கியூட்டி' வேறு பொதிகள். அவற்றுக்கும் இன்னும் சில தேவை. இவைதான் சார்புகள். விண்டோஸில் பெரும்பாலும் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டியதைத் தன் மூட்டையிலேயே கட்டிவரும். லினக்ஸில் ஒரே பிரதியை எல்லா மென்பொருளும் பகிர்ந்துகொள்ளும். இடம் மிச்சம், குறை இருந்தால் ஒரே இடத்தில் சரிசெய்தால் போதும்.

"நண்பன் வீட்டு லினக்ஸில் நெட் இருக்கு, அங்கே இறக்கிடலாமே?" இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். அந்தக் கணினி தன்னிடம் இல்லாததை மட்டும்தான் இறக்கும். கியூட்டி அங்கே ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடும். நம்ம கணினிக்கு வந்தால் மறுபடியும் அதே பிழை! நம்ம வீட்டு மளிகைச் சீட்டை அடுத்த வீட்டு அடுப்படியைப் பார்த்து எழுதலாமா? பட்டியல் போட வேண்டியது நெட் இல்லாத கணினிதான்.

இதற்கென்றே 'ஆப்ட்-ஆஃப்லைன்' இருக்கிறது. நெட் இல்லாத கணினியில் 'செட்' கட்டளை கொடுத்தால் பட்டியல் சிறு கோப்பாக வரும். நெட் உள்ள இடத்தில் 'கெட்' கொடுத்தால் எல்லாவற்றையும் இறக்கி ஒரே ஜிப் கோப்பாக்கும். அங்கே விண்டோஸ் இருந்தாலும் பரவாயில்லை, பைத்தானும் இந்த நிரலும் இருந்தால் சரி. திரும்பி வந்து 'இன்ஸ்டால்' கொடுத்தால் பொதிகள் ஆப்ட்டின் கிடங்குக்குப் போய்விடும். பிறகு வழக்கமான ஆப்ட் கட்டளை நெட்டைத் தேடாமல் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்.

ஒன்று கவனிக்கணும். நம்ம கணினியிலுள்ள பொதி விவரம் பழசாக இருந்தால், அது கேட்கும் பதிப்பு இணையத்தில் நீக்கப்பட்டிருக்கலாம். ஆகவே முதல் நடையில் புது விவரம், அடுத்த நடையில் பொதிகள்.

ஆப்ட்-ஆஃப்லைனும் ஒரு பொதிதானே, அதை எப்படி ஏற்றுவதுன்னு கேட்பீங்க! முதல் தடவை கையால்தான் கொண்டுவரணும். நல்லவேளை, அதற்குச் சார்புகள் கொஞ்சம்தான்.