வண்டியில் வெள்ளைப் புள்ளி: கழுவியவர் குற்றமா, தண்ணீரின் குற்றமா?



கடை திறந்ததும் வாசல் தெளித்து, தராசைத் துடைத்து, கல்லாவைத் துடைத்த பிறகே முதல் வியாபாரத்தைத் தொடுவது நம் வழக்கம். ஆனால் சரக்கு ஏற்றும் வேனையும் குடும்பத்தோடு போய்வரும் காரையும் அந்தக் கணக்கில் நாம் சேர்ப்பதில்லை. தண்ணீரை அள்ளி ஊற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அப்படி நினைத்து நாங்கள் செய்த ஒரு தவறையும், அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடத்தையும் இங்கே எழுதுகிறோம்.

ஏலாக்குறிச்சியில் எங்கள் மொத்த வியாபாரக் கிடங்கு இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கருநீல நிறத்தில் ஒரு வேன் வாங்கினோம். கடைப் பையன் ஒருவரிடம் தினமும் கழுவும் பொறுப்பைக் கொடுத்தோம். ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேன் முழுவதும் அம்மை போட்டது போல வெள்ளைப் புள்ளிகள். நமக்குக் கோபம் வராதா?

“ஏம்பா, வண்டியைக் கழுவினியா, இல்ல சுண்ணாம்பு அடிச்சியா?” என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டோம்.

“மூணு தரம் கழுவிட்டேன் முதலாளி. ஈரமா இருக்கும்போது நல்லாத்தான் இருக்கு. காஞ்சா திரும்பவும் வருது” என்றார் அவர்.

சாக்கு சொல்கிறார் என்று எண்ணி அன்றைய கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டோம். அவர் பதில் பேசாமல் போய்விட்டார். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

அன்று இரவு வீட்டில் இதைச் சொன்னபோது, எங்கள் வீட்டம்மா அடுப்படியிலிருந்து வெந்நீர் வைக்கும் பாத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். உள்பக்கம் முழுவதும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. “இதைத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை ஓய்ஞ்சு போச்சு. இதுக்கு யார் கூலியைப் பிடிக்கப் போறீங்க?” என்று கேட்டார். அப்போதுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. பாத்திரத்தில் படிந்ததும் வேனில் படிந்ததும் ஒன்றுதான். அது அழுக்கு அல்ல, சுண்ணாம்பு!

கல்லைக் கரைத்த தண்ணீர்

அரியலூர் சீமை பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த பூமி. அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் கல்லாகிப்போன எச்சங்களை வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். அந்தக் கடல் விட்டுச் சென்ற சொத்துதான் சுண்ணாம்புக்கல். அதை நம்பித்தான் பக்கத்தில் டால்மியாபுரத்தில் 1939இல் சிமெண்ட் ஆலை வந்தது. அரியலூரில் 1979இல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. பிறகு தனியார் ஆலைகளும் வரிசையாக வந்தன.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான புளிப்புத் தன்மை பெறுகிறது. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு ஆழ்துளைக் கிணற்றுக்கு வந்து சேர்கிறது. பார்வைக்குப் பளிங்கு போல இருக்கும். ஆனால் உள்ளே கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். இதைத்தான் கடின நீர் என்கிறோம். தண்ணீர் ஆவியாகிப் போகலாம். கல் எங்கே போகும்? சொட்டு நின்ற இடத்திலேயே வட்டமாக உட்கார்ந்துவிடும்.

கணக்குப் போட்டால் இன்னும் விளங்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது விரும்பத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை ஏற்றுக்கொள்ளலாம். அந்த 600 அளவுள்ள நீரில் வேனைக் கழுவி, துடைக்காமல் கால் லிட்டர் நீர் மேலேயே தங்கிக் காய்வதாக வைத்துக்கொள்வோம். 150 மில்லிகிராம் கல் அதன் மேல் பூசப்படுகிறது. தினமும் கழுவினால் தினமும் பூச்சு! சுத்தம் செய்யச் செய்ய அழுக்காகும் அதிசயம் இதுதான்.

எங்கள் வீட்டில் நடந்தது இதைவிட மோசம். சுத்திகரிப்பு இயந்திரத்தில் வீணாக வெளியேறும் தண்ணீரை வாளியில் பிடித்து அதிலேயே வண்டியைக் கழுவச் சொல்லியிருந்தோம். சிக்கனம் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த இயந்திரம் நல்ல நீரை ஒரு பக்கமும் உப்பை மறுபக்கமும் தள்ளுகிறது. உள்ளே போன நீரில் பாதி நல்ல நீராகவும் பாதி கழிவாகவும் பிரிந்தால், கழிவு நீரில் உப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். தரை கழுவவும் கழிப்பறைக்கும் அதைப் பயன்படுத்தலாம். வண்டிக்கு மட்டும் ஆகாது. ஆக, குற்றம் கழுவியவருடையது அல்ல. தண்ணீர் எடுத்துக் கொடுத்த எங்களுடையது.

மறுநாளே அந்தப் பையன் வீட்டுக்குப் போனோம். பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுத்து, “தப்பு எங்க பேர்லதாம்பா” என்று சொன்னோம். வேலைக்கு வந்தார். சரக்கு கெட்டுவிட்டால் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் அனுப்பியவரைக் குறை சொல்வோமா? ஆளைக் குறை சொல்லும்போது மட்டும் அந்த நிதானம் நமக்கு ஏன் வருவதில்லை?

அழகு மட்டும் போகவில்லை

புள்ளி விழுந்தால் என்ன, வண்டி ஓடாதா என்று கேட்கலாம். ஓடும். ஆனால் முன் கண்ணாடியில் இந்தப் புள்ளிகள் சேர்ந்துவிட்டால், இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கு ஒவ்வொரு புள்ளியிலும் சிதறிக் கண்ணைக் கூசச் செய்யும். தஞ்சாவூரில் கொள்முதல் முடித்து, திருமானூர் கொள்ளிடப் பாலத்தில் இரவில் வந்தபோது இதை நேரில் அனுபவித்தோம். பாலத்தின் ஓரமாக நடந்துபோன ஒருவரைக் கடைசி நேரத்தில்தான் எங்கள் ஓட்டுநர் பார்த்தார். அன்று தப்பியது ஆண்டவன் புண்ணியம்.

அடுத்தது பணம். புள்ளிகளை வெயிலில் காயவிட்டுக்கொண்டே இருந்தால் நாளடைவில் வண்ணத்தின் மேல்பூச்சையே அரித்துத் தழும்பாகிவிடும். பிறகு பாலிஷ் போடுபவரிடம்தான் போக வேண்டும். வண்டியை விற்கப் போனால் தரகர் முதலில் கை வைப்பது அந்தத் தழும்பின் மேல்தான்.

கழுவும் முறை

இப்போது நாங்கள் கடைப்பிடிக்கும் முறையை வரிசையாகச் சொல்கிறோம்.

1. வெயிலில் கழுவக்கூடாது. காலை வெயில் ஏறும் முன்போ மாலையிலோ, நிழலில் நிறுத்திக் கழுவ வேண்டும். ஓடி வந்த சூடு தணிந்து, பானெட்டைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான தகட்டில் துடைக்கும் முன்பே நீர் காய்ந்துவிடும்.

2. காய்ந்த தூசியைத் துணியால் துடைக்கவே கூடாது. நம் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்ட் லாரிகளும் ஓடுகின்றன. அந்தத் தூசியைத் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பது போல. சிமெண்ட் தூசி ஈரம் பட்டால் இறுகவும் செய்யும். முதலில் கூரையிலிருந்து கீழ்நோக்கித் தாராளமாக நீர் விட்டுத் தூசியை ஓட விட வேண்டும்.

3. இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் வண்டிக்கென்று விற்கும் ஷாம்பூ கலந்த நீர். மற்றொன்றில் துணியை அலசச் சாதா நீர். துணி துவைக்கும் சோப்பு கடின நீரில் நுரைக்காமல் திரிந்து தானும் ஒரு படலமாகப் படியும். சோப்புத் தூள் மெழுகுப் பூச்சை எடுத்துவிடும். பளபளப்புக்காக நீரில் மண்ணெண்ணெய் கலப்பவர்கள் உண்டு. அந்த எண்ணெய்ப் பசையில் தூசி இன்னும் ஒட்டும், விட்டுவிடுங்கள்.

4. மேலிருந்து கீழாக, ஒரு பகுதியைக் கழுவி அதை உடனே அலசிவிட்டு அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். சக்கரங்களைக் கடைசியில், தனித் துணியால் கழுவுங்கள். அந்தத் துணி மறுபடி வண்டியின் உடம்பில் படக்கூடாது.

5. கடைசி அலசலுக்கு மட்டும் உப்பில்லாத நீர் வேண்டும். இதுதான் முக்கியமான ரகசியம்! மழைநீர் இருந்தால் அதைவிட மேலானது இல்லை. 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எல்லோரும் குழாய் வைத்தோம். அந்தக் குழாயிலிருந்து ஒரு பீப்பாய்க்குப் பிரித்து விட்டால் போதும். முதல் மழையைக் கழித்துவிட்டுப் பிடித்து, கொசு போகாமல் மூடி வைக்க வேண்டும். மழை இல்லாத நாளில், சுத்திகரித்த நல்ல நீர். குளிர்சாதனப் பெட்டி உள்ள கடைகளில் ஏசியிலிருந்து சொட்டும் நீரும் உதவும். காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீர் என்பதால் அதில் சுண்ணாம்பு கிடையாது. தோட்டத்துக்கு ஊற்றும் பூவாளியில் இதை நிரப்பி மேலிருந்து ஊற்றினால் ஒரு வாளி நீரில் வேன் முழுவதும் அலசிவிடலாம். மற்றதற்கெல்லாம் கிணற்று நீரே போதும்.

6. உடனே துடைக்க வேண்டும். தானாகக் காயட்டும் என்று ஒருபோதும் விடக்கூடாது. நீரை நன்றாக உறிஞ்சும் மைக்ரோபைபர் துணியோ, பழகிய பருத்திப் பனியன் துணியோ ஏற்றது. தேய்க்காமல், விரித்து ஒற்றி இழுக்க வேண்டும். துடைத்து முடித்ததும் கதவுகளைத் திறந்து இடுக்குகளையும், பக்கக் கண்ணாடிக்கு அடியையும், டீசல் மூடியையும் துடையுங்கள். அங்கே ஒளிந்த நீர் பிறகு வழிந்து கோடு போடும். நல்ல தண்ணீர் கிடைக்காத நாளில்கூட இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் பாதிக்கு மேல் புள்ளி விழாது.

7. சில மாதங்களுக்கு ஒரு முறை மெழுகுப் பாலிஷ் போடுங்கள். நீர் ஒட்டாமல் வழிந்து ஓடும். ஆனாலும் துடைப்பது அவசியம். மெழுகின் மேல் முத்து முத்தாக நிற்கும் சொட்டும் காய்ந்தால் புள்ளிதான்.

மார்கழி, தை மாதங்களில் கழுவாத வண்டியிலும் புள்ளி தோன்றும். இரவில் விழும் பனி தூசியைக் கரைத்துக் காலையில் காய்வதுதான் காரணம். கூரைக்கு அடியில் நிறுத்தினால் பெருமளவு தவிர்க்கலாம்.

விழுந்துவிட்ட புள்ளிக்கு மருந்து

அதற்கும் வெளியே போக வேண்டாம். மருந்து நம் கடை அலமாரியிலேயே இருக்கிறது. ஊறுகாய்க்கும் சமையலுக்கும் விற்கிறோமே, அந்த வெள்ளை வினிகர்தான்! சுண்ணாம்பைப் புளிப்பு கரைக்கும். ஒரு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு உப்பில்லாத நீர் கலந்து, துணியை நனைத்துப் புள்ளியின் மேல் ஓரிரு நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு மெதுவாகத் துடைத்து, ஷாம்பூ நீரால் கழுவி அலசிக் காய்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். நிழலில்தான் செய்ய வேண்டும். வினிகரை வண்டியிலேயே காயவிடக்கூடாது. முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. மெழுகும் சேர்ந்து போய்விடும் என்பதால் மறுபடி மெழுகு போட வேண்டும். கண்ணாடிக்கும் இதே முறைதான்.

கழிப்பறை கழுவும் ஆசிட்டை மட்டும் வண்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அது சுண்ணாம்போடு வண்ணத்தையும் உலோகத்தையும் தின்றுவிடும். வினிகருக்கும் அசையாத புள்ளி என்றால் அது தழும்பாகிவிட்டது என்று பொருள். அதைச் சுரண்டாமல் பாலிஷ் போடுபவரிடம் விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் உண்மையா என்று சந்தேகப்படுபவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு எவர்சில்வர் தட்டில் கிணற்று நீர் ஒரு சொட்டு, சுத்திகரிப்பில் வெளியேறும் நீர் ஒரு சொட்டு, மழைநீர் ஒரு சொட்டு வைத்து வெயிலில் காயவிடுங்கள். எங்கள் கிடங்கு வாசலில் அந்தப் பையனை வைத்தே இதைச் செய்தோம். முதல் இரண்டும் வெள்ளை வட்டம் போட்டன. மூன்றாவது இருந்த இடம் தெரியவில்லை. தட்டைக் கையில் எடுத்துப் பார்த்த அவர், “நான் அன்னைக்கே சொன்னேனே முதலாளி” என்றார். எங்களிடம் அதற்குப் பதில் இல்லை.

இப்போது எங்கள் வேன் வாரம் ஒரு முறை கழுவப்படுகிறது. கழுவுபவர் அவர்தான். எந்தத் தண்ணீரில் கழுவுவது என்று முடிவு செய்பவரும் அவர்தான்.