வயல் ஓரத்து மரம் பலகையாகும் விதம்

தில்லியில் எடுக்கப்பட்ட மூன்று முடிவுகள் நாட்டின் மரத்தொழிலைப் பெரிதும் மாற்றின. தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய மரத்தைக் காட்டிலிருந்து எதிர்பாராமல், விவசாயிகளின் துணையுடன் பெற வேண்டும் என 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை வலியுறுத்தியது. 1993இல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரப் பயன்பாட்டுக்குத் தடை விதித்தது; அத்தடை 2020இல்தான் நீங்கிற்று. 1996 டிசம்பர் 12 அன்று, அங்கீகரிக்கப்பட்ட செயல்திட்டமின்றிக் காடுகளில் மரம் வெட்டலாகாது என உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

இந்நிலையில் பயன் மிகுந்ததே நார்ப்பலகை. தைல மரம், பாப்ளார் போன்றவற்றின் பருத்த, நேரான அடிமரம் ஒட்டுப்பலகைக்குச் செல்லும். மெலிந்ததும் கோணலானதும் முன்பு பெரும்பாலும் விறகாயின. நார்ப்பலகைக்கோ அவையே போதுமானவை. ஏனெனில் இங்கு மரத்தின் உருவம் பயன்படுவதில்லை, அதன் நார் மட்டுமே பயன்படுகிறது.

முதலில் மரம் சிறு சில்லுகளாக வெட்டப்பட்டுக் கழுவப்படுகிறது. பின்னர் உயர் அழுத்த நீராவியில் வேகவைக்கப்படுகிறது. அப்போது நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் இளகுவதால், சுழலும் உலோகத் தட்டுகளுக்கிடையே சில்லுகள் எளிதில் பஞ்சு போலப் பிரிகின்றன. இந்நாருடன் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினும், ஈரத்தைத் தடுக்கச் சிறிது மெழுகும் சேர்க்கப்படுகின்றன. உலர்த்திய நார் மெத்தைபோல் பரப்பப்பட்டு, சூடான அழுத்த இயந்திரத்தில் பலகையாக இறுகுகிறது. ஒரு கன மீட்டர் பலகை சுமார் 600 முதல் 800 கிலோ வரை எடையிருக்கும். இதில் கணுவோ ரேகையோ இல்லை; எத்திசையிலும் ஒரே சீராக அறுக்கலாம்.

எனினும் குறைகளும் உண்டு. சாதாரணப் பலகை நீர்பட்டால் உப்பும். எனவே சமையலறைக்கு ஈரம் தாங்கும் வகையே ஏற்றது. பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு ஆவி மெல்ல வெளிப்படும். இதனைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாக உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது. மரத்தூளும் அதே வகையைச் சார்ந்ததே.

எனவே பலகை வாங்குவோர் விலையை மட்டும் பாராது, ஐ.எஸ். 12406 தரக்குறியையும் ஆவி வெளியீட்டு வகையையும் கேட்டறிதல் நன்று. இ-1 வகையில் ஆவி இ-2 வகையைவிடக் குறைவு. அறுப்பவருக்கோ காற்றோட்டமான பட்டறையும் முகக்கவசமும், தூளை உறிஞ்சும் கருவியும் இன்றியமையாதவை. காட்டைக் காக்கவும் உழவருக்கு வருவாய் தரவும் வல்ல இத்தொழில், தச்சரின் நுரையீரலையும் காத்தால்தான் முழுமையான முன்னேற்றமாகும்.