மேல்நோக்கும் வாய்க்கால்: கேபிள் மோடமும் அலையகலப் பங்கீடும்

உடுமலைப்பேட்டை வட்டாரத்து உழவர்க்குப் பங்கீடு என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தில் திருமூர்த்தி அணையை நம்பிக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் 3.77 இலட்சம் ஏக்கர் நிலம் உள்ளது. அத்தனை நிலத்திற்கும் ஒரே காலத்தில் நீர் விடுதல் இயலாது. ஆதலின் நிலம் 4 மண்டலங்களாகப் பகுக்கப்பட்டு, மண்டலத்திற்கு ஒரு முறை எனச் சுற்று வைத்து நீர் விடப்படுகிறது. கால்வாயின் கொள்ளளவு ஒன்றே. கடைமடைக்கு நீர் எட்டுவதும் எட்டாததும் முறையைப் பொறுத்தது. தொலைக்காட்சிக் கேபிள் வழியே இணையம் வழங்கும் தொழில்நுட்பத்திலும் இதே சிக்கல் எழுந்தது. ஏறத்தாழ இதே வழியில் அது தீர்க்கப்பட்டது. அதனைத் தமிழில் விளங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல். 'பேண்ட்வித்' என்பதனைப் பட்டை அகலம் என்றும், அலைக்கற்றை அகலம் என்றும் எழுதுவோர் உளர். சுருக்கம் கருதி ஈண்டு 'அலையகலம்' என்றே நாம் வழங்குவோம். ஒரு கம்பியில் எத்தனை மெகாஹெர்ட்ஸ் அலைகள் செல்லக்கூடும் என்பது அதன் அலையகலம். அவ்வகலத்துள் நொடிக்கு எத்தனை பிட் செய்தியை ஏற்றி அனுப்புகிறோம் என்பது நம் திறமை. மேனாட்டில் வகுக்கப்பட்ட 'டாக்சிஸ்' என்னும் கேபிள் மோடம் நெறி 1997ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றுக்குரிய 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தில் அந்நெறியின் ஐரோப்பிய வடிவம் நொடிக்கு 55 மெகாபிட்டுக்குச் சற்று மேல் ஏற்றுகிறது. பல அலைவரிசைகளைக் கயிறு திரிப்பதுபோல் ஒன்றாய் இணைக்கும் முறை 2006ஆம் ஆண்டின் 3.0 பதிப்பில் வந்தது. 2013இல் வந்த 3.1 பதிப்போ ஒரு குறியீட்டில் 12 பிட் வரை ஏற்ற வல்லது. இவையெல்லாம் கால்வாயை ஆழப்படுத்துதல் போன்றவை.

இடம் மிச்சம் பிடித்தலும் ஒரு வழி. பழைய அனலாக் முறையில் ஓர் அலைவரிசை அடைத்துக்கொண்ட இடத்தில் டிஜிட்டல் முறையில் பத்து அலைவரிசைகளுக்கு மேலும் அடங்கும். இந்தியாவில் 2012ஆம் ஆண்டு முதல் கட்டம் கட்டமாகச் செட்டாப் பெட்டி கட்டாயமாக்கப்பட்டதால் கேபிளில் இடம் பெருகியது. அவ்விடத்தையும் மேலும் மேலும் தொலைக்காட்சி அலைவரிசைகளே நிரப்பிக்கொண்டன என்பது வேறு கதை!

ஒருவழிப் பாதை

உண்மைச் சிக்கல் எதிர்த்திசையில் உள்ளது. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரையொட்டி நம் நாட்டில் கேபிள் தொலைக்காட்சி பரவத் தொடங்கியது. 1993இல் சன் தொலைக்காட்சி வந்தபின் தமிழகத்தின் தெருக்கள்தோறும் கம்பி படர்ந்தது. அக்கம்பி பார்ப்பதற்கென்று இழுக்கப்பட்டதேயன்றிப் பேசுவதற்கென்று இழுக்கப்பட்டதன்று. கம்பத்தில் தொங்கிய ஆம்ப்ளிஃபயர்கள் கீழ்நோக்கி வரும் அலையை மட்டுமே பெருக்கின. நம் நாட்டில் கேபிள் மோடம் சென்னை போன்ற பெருநகரங்களில் ஓரளவு நிலைத்து, சிற்றூர்களில் வேரூன்றாமைக்கு இவ்வொருவழிக் கம்பியும் முதன்மையான காரணமாகும்.

இருவழிக் கம்பியிலும் பங்கு சமமன்று. நம் நாட்டிற்கு ஒத்த முறையில், வீட்டிலிருந்து மேலே செல்வதற்கு 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 60 மெகாஹெர்ட்ஸே ஒதுக்கம். கீழே வருவதற்கு 862 மெகாஹெர்ட்ஸ் வரை விரிந்து, அதனைப்போல் பன்னிரு மடங்கிற்கும் மேற்பட்ட இடம் உண்டு. அந்தச் சிறு பாதையிலும் தூய்மை இல்லை. மோட்டார், மிக்சி ஆகியவற்றின் மின்பொறியும் சிற்றலை வானொலியும் உலவும் பகுதி அதுவே. ஒரு வீட்டில் கம்பியைக் கையால் முறுக்கி ஒட்டியிருந்தால், அவ்வழியே நுழையும் இரைச்சல் தெரு முழுவதன் இரைச்சலோடும் சேர்ந்து தலைமை நிலையத்தில் குவிகிறது. கீழ்நோக்கிய பாதையில் ஒருவர் வீட்டுப் பழுது பெரும்பாலும் அவரையே வருத்தும். மேல்நோக்கிய பாதையில் ஊரையே வருத்தும். ஆதலின் அலையகலத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் முயற்சி கணிப்பொறியில் தொடங்குவதில்லை. ஏணியில் ஏறிக் கனெக்டரை இறுகப் பொருத்தும் தொழிலாளியின் கையில் தொடங்குகிறது.

கேட்டுப் பெறும் முறை

ஒரே கம்பியில் பல வீடுகள் பேசினால் என்ன ஆகும்? 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளை வானொலி அலையால் இணைத்து 'அலோகா' என்னும் வலையை நிறுவினர். விரும்பியவர் விரும்பிய பொழுதில் அனுப்பலாம். இருவர் செய்தி மோதினால் இருவரும் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டும். எளிய முறைதான். ஆயினும் இம்முறையில் பாதையின் 18 விழுக்காட்டிற்கு மேல் பயன்கொள்ள இயலாது என்பதனைக் கணக்கு காட்டிற்று. காலத்தைச் சம கூறுகளாக்கி, கூறின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பலாம் என்று வரையறுத்தபோது அது 37 விழுக்காடாயிற்று. எஞ்சியது மோதலிலும் வெறுமையிலும் கழிந்தது.

கேபிள் மோடம் இங்கேதான் நம் வாய்க்கால் முறையைக் கைக்கொள்கிறது. தலைமை நிலையம் காலத்தை மிகச் சிறு கூறுகளாக வெட்டி, எந்தக் கூறு எந்த வீட்டுக்கு உரியது என்னும் அட்டவணையை முன்கூட்டியே அனைவர்க்கும் அனுப்பிவிடுகிறது. அனுப்ப வேண்டிய செய்தி உள்ள மோடம், பொதுவாக விடப்பட்ட சில கூறுகளில் "எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று சிறு விண்ணப்பம் இடுகிறது. அடுத்த அட்டவணையில் அதற்குரிய முறை வந்துவிடும். மோதல் நேர்ந்தாலும் அச்சிறு விண்ணப்பங்களுக்குள்ளேயே நேரும், பெருஞ்செய்தி மோதுவதில்லை. முறை பெற்று அனுப்பும்போதே அடுத்த தேவையையும் அதனோடு ஒட்டி அனுப்பலாம். சிறு பொதிகள் பலவற்றை ஒரே முறையில் சேர்த்து ஏற்றலாம். தொலைபேசி உரையாடலுக்கோ ஒவ்வொரு முறையும் கேட்டு நிற்க நேரமில்லை, 1.1 பதிப்பு அதற்குக் கேளாமலே முறை வழங்கும் ஏற்பாட்டைச் செய்தது.

ஓரிடத்தில் நம் உவமை பொருந்தாது. அணையில் தேங்கிய நீர் நாளைக்கு ஆகும். கழிந்த கணத்தின் அலையகலத்தைச் சேமித்து வைக்க எந்த அணையும் இல்லை.

இன்னுமொரு நுட்பம் உண்டு. நாம் ஒரு கோப்பைக் கீழிறக்கும்போதும் மேல்நோக்கிய பாதை உழைக்கிறது. வந்து சேர்ந்த பொதிகளுக்கு "கிடைத்தது" என்று நம் கணிப்பொறி ஒப்புகை அனுப்பிக்கொண்டே இருக்கும். மேலே நெரிசல் ஏற்பட்டால் ஒப்புகை தாமதிக்கும், கீழிறக்கமும் தளரும். ஒரு கோப்புக்குரிய ஒப்புகைகளுள் பிந்தியது முந்தியவற்றையும் உள்ளடக்கும். ஆதலின் வரிசையில் காத்திருக்கும் பழையவற்றை நீக்கிக் கடைசி ஒன்றை மட்டும் அனுப்பும் மோடங்கள் வந்தன. ஆயிரம் ரசீதுக்கு மாற்றாக ஒரு மொத்த ரசீது எனலாம்.

வரிசை நீளுதலும் ஒரு கேடு. மோடத்தில் நினைவகம் மலிந்தபோது, எதையும் தள்ளாமல் எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தும் பழக்கம் வந்தது. பேச்சொலி ஒரு பெருங்கோப்பின் பின்னே நின்று வாடியது. 2010ஆம் ஆண்டில் ஜிம் கெட்டிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் தம் வீட்டுக் கேபிள் இணைப்பிலேயே இக்கேட்டைக் கண்டு உலகறியச் செய்தார். வரிசை அளவு மீறும்போது சில பொதிகளைத் தாமே உதிர்த்து அனுப்புநரை நிதானப்படுத்தும் முறை 3.1 பதிப்பில் கட்டாயமாயிற்று.

விடைத்தாள் கணக்கு

இவையெல்லாம் தமிழ்த்துறைக்கு எதற்கு என்று மூத்தோர் வினவக்கூடும். 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் ஆசிரியர் குரல் மாணவர்க்குக் கேட்டது. மாணவர் எழுப்பிய ஐயம் பாதி வழியில் அறுந்தது. அடுத்த ஆண்டில் விடைத்தாளைப் படமெடுத்து இணையவழி அனுப்பும் தேர்வுகளும் நடைபெற்றன. 30 பக்கம், பக்கத்திற்கு 2 மெகாபைட் எனக் கொண்டால் ஒரு விடைத்தாள் 60 மெகாபைட், அதாவது 480 மெகாபிட். முதற்பதிப்பின் மேல்நோக்கிய பாதை ஒன்றின் உச்ச அளவு நொடிக்கு 10.24 மெகாபிட். அதனைப் பகிரும் 40 வீடுகளில் தேர்வு முடிந்தவுடன் ஒரே நேரத்தில் அனுப்பினால், ஒரு நொடியும் வீணாகாவிடினும் 31 நிமிடம் ஆகும். கூறு வகுத்த அலோகா முறையாயின் 84 நிமிடம் ஆகும். விடை சரியாக எழுதிய மாணவி காலங்கடந்தவள் ஆவதற்கும் ஆகாமைக்கும் இடையே நிற்பது அந்த அட்டவணைதான். (தட்டச்சிட்ட தமிழுக்கு இத்துணைச் சுமை இல்லை. யூடிஎஃப்-8 முறையில் 'அ' 3 பைட்டும் 'கோ' 6 பைட்டும் கொள்ளும் என்று வருந்துவோர் உளர். அவ்வாறாயினும் ஒரு பக்கம் சில கிலோபைட்டைத் தாண்டாது.)

அரசின் அளவுகோலும் கேட்போரையே நோக்கிற்று. அகலக்கற்றை இணைப்பு எது என்பதற்கு இந்திய அரசு 2004இல் 256 கிலோபிட், 2013இல் 512 கிலோபிட், 2023இல் 2 மெகாபிட் என வரையறை தந்தது. மூன்றும் கீழிறக்க வேகத்திற்கே குறைந்த அளவு கூறின. மேல்நோக்கிய வேகத்திற்கும் ஓர் அளவு வகுத்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

இன்று ஊர்தோறும் கண்ணாடி இழை வருகிறது. 2018இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்தின் இலக்கு 12,525 கிராம ஊராட்சிகள். வீடுகளுக்கு இழை கொணரும் 'ஜிபான்' முறையில் கீழ்நோக்கி நொடிக்கு 2.488 கிகாபிட், மேல்நோக்கி அதில் சரிபாதியாகிய 1.244 கிகாபிட். கேபிளை நோக்க இது பெரும் நீதியே. ஆயினும் ஓர் இழை தெருமுனையில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. மேலே செல்வதற்கு அங்கும் வீட்டுப் பெட்டி தன் தேவையை அறிவிக்க, நிலையம் முறை வகுத்து விடையிறுக்கிறது.